டயானாவுக்குப் பிடித்த ரவை

மாமல்லபுரம் கடற்கரையில் பலூன் சுட்டிருப்பீர்கள். குழலை மடக்கி, ரவையைச் செருகி, நிமிர்த்தி, டப்! அந்தக் கிட்டத்தில் எந்த ரவைக்கும் பலூன் வெடித்துவிடும். அதே மாதிரி ஒரு பழைய ஏர் கன்னை எடுத்து, 10 மீட்டரில் ஒரு தாளை ஒட்டி, ஐந்து ரவையையும் ஒரே ஓட்டைக்குள் அனுப்பப் பாருங்கள். பித்துப் பிடித்துவிடும். எனக்குப் பிடித்துவிட்டது!

என்னுடையது டயானா 35. ஜெர்மனியின் ராஸ்டாட் நகரில் 1890-இல் தொடங்கிய ஆலையின் பழைய மாடல். 4.5 மில்லிமீட்டர் குழல். கடற்காற்றில் நீலப்பூச்சு மங்கிவிட்டது, கட்டை கறுத்துவிட்டது. ஆனால் அதற்குப் பிடித்த ரவையைக் கொடுத்தால் அது சுடும் அழகு இருக்கிறதே!

ரவையை உற்றுப் பாருங்கள். தலை கெட்டியாக இருக்கும், இடுப்பு ஒடுங்கியிருக்கும், பின்பக்கம் குழிந்து மெல்லிய விளிம்பாக முடியும். ஸ்பிரிங் விடுபட்டுப் பிஸ்டன் பாயும்போது அழுந்துகிற காற்று அந்த விளிம்பை விரித்துக் குழலோடு ஒட்ட வைக்கிறது. குழலுக்குள் இருக்கும் திருகு வரிகள் ரவையைச் சுழற்றி விடுகின்றன. பல்லாண்டு உழைத்த குழலில் ரவைத் தலையின் அளவு உயிர்ப்பிரச்சினை. நல்ல டப்பாக்களில் 4.50, 4.51, 4.52 என்று எழுதியிருக்கும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான் வித்தியாசம். என் டயானாவில் 4.50 தொளதொளவென்று இறங்கும். 4.52-ஐக் கட்டைவிரலால் மெல்ல அழுத்த வேண்டும். அந்த அழுத்தத்திலேயே எனக்குச் சிலிர்த்துவிடும்.

எடையும் பேசும். மிக லேசான ரவை என்றால் பிஸ்டன் முட்டி மோதித் துப்பாக்கியே உதறும். மிகக் கனமென்றால் பிஸ்டன் பின்னுக்குத் துள்ளும். செக் நாட்டு ஜேஎஸ்பி எக்ஸாக்ட், 8.44 கிரெயின், அதாவது சுமார் 0.547 கிராம்: இதுதான் என் டயானாவின் காதல். நகை நிறுக்கும் சின்னத் தராசில் எடை பார்த்து, கண்ணாடி மேல் உருட்டி, விளிம்பு நசுங்கியதை ஒதுக்கிவிட்டுச் சுட்டேன். ஐந்து ஓட்டைகளையும் ஒரு சட்டைப் பொத்தானால் மறைத்துவிடலாம்!

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ரவையை மாற்றியதும் முதல் சில குண்டுகள் சிதறும். குழலில் பழைய ஈயம் படிந்திருக்கும். புதியது படிந்து பழகும்வரை எந்த ரவையையும் மட்டம் என்று தள்ளிவிடாதீர்கள். துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்காமல் உள்ளங்கையில் கிடத்திச் சுடுங்கள். ஸ்பிரிங் துப்பாக்கிக்கு அது தன் போக்கில் உதற இடம் வேண்டும்.

போட்டிக்காரர்கள் தட்டைத் தலை ரவைதான் போடுவார்கள். தாளில் வட்டமாக, சுத்தமாக வெட்டும். கடலூரில் பிறந்த துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் ஆடும் 10 மீட்டர் ஆட்டத்தில் பத்து மதிப்பெண் புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர்! அவர்கள் துப்பாக்கியை இடுக்கியில் பூட்டி, ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியாகச் சோதிப்பார்கள். 25 மீட்டருக்குப் போனால் தட்டைத் தலை தடுமாறும். உருண்டைத் தலைதான் நிற்கும். நான் சுடுவது கிழக்குக் கடற்கரைச் சாலையோரச் சவுக்குத் தோப்பில், மண்மேட்டை முதுகாக வைத்து, விடிகாலையில். மதியம் கொண்டல் எழுந்துவிட்டால் ரவை பக்கவாட்டில் நழுவிவிடும்.

தாளைத் தவிர வேறெதையும் சுடுவதில்லை. இது வேடந்தாங்கல் இருக்கும் மாவட்டம். சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டார்கள் என்று ஊர்க்காரர்கள் முறையிட்டு, 1798-இல் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கிய மண். இங்கே துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

எச் அண்ட் என் ஃபீல்டு டார்கெட் டிராஃபி, 8.64 கிரெயின், ஒரு டப்பா வந்திருக்கிறது. நாளை விடிந்ததும் தோப்புக்குக் கிளம்புகிறேன். உங்கள் பரணிலும் பழைய ஏர் கன் கிடந்தால் துடைத்து எடுத்து வாருங்கள். என் டப்பாக்கள் எல்லாவற்றிலும் பத்துப் பத்து ரவை தருகிறேன்!