இளவரசி கவுனும் ஸிக்ஸாக் மெஷினும்

டிஸ்னி பூங்காக்களில் சிறுமியருக்கான இளவரசி கவுன் 50 டாலருக்குக் கீழே கிடைப்பது அரிது. டாலர் 300 இலங்கை ரூபாய் என்று வைத்தாலும் 15,000 ரூபாய். அதே மாதிரியான இடங்களில், ஒசாகாவின் நிண்டெண்டோ உலகம் 2021இல் திறந்தபோது மாரியோ மணிக்கட்டுப் பட்டி 3,200 யென்னுக்கு விற்றது. டிஸ்னியின் ஸ்டார் வார்ஸ் ஒளிவாள் 2019இல் வந்தபோது 199.99 டாலருக்கு விற்றது. பட்டியிலும் வாளிலும் மின்னணுப் பாகங்களாவது உண்டு. கவுனில் இருப்பதோ பொலியெஸ்டர் சாட்டினும் நைலோன் நெட்டும்தான். ஹந்தானை மலையிலிருந்து கீழிறங்கினால் கண்டித் துணிக்கடைகளில் இரண்டையும் மீட்டர் கணக்கில் வாங்கலாம். ஆகவே வீட்டுக்கான மின்சார ஸிக்ஸாக் தையல் மெஷினை இப்படியொரு கவுனைத் தைக்கும் வேலையை வைத்தே எடைபோடலாம்.

சாட்டினில் மெஷின் தேறிவிடுகிறது. வெட்டிய ஓரம் நூல் நூலாகப் பிரியும் துணி அது. நேர்த்தையல் மட்டும் போடும் மிதிமெஷினில் ஓரத்தை மடித்துத் தைக்க வேண்டும், ஸிக்ஸாக் ஒரே ஓட்டத்தில் கட்டிவிடும். 11ஆம் இலக்க ஊசி புதிதாக இருக்க வேண்டும். மழுங்கிய ஊசி இழையை இழுத்துத் துணியையே கெடுக்கும். நெட்தான் உண்மையான சோதனை. துளைகள் பெரிதென்பதால் மெஷினின் பல்லுக்குப் பிடி கிடைக்காமல் துணி சுருண்டு உள்ளே போகும். அடியில் மெல்லிய காகிதம் வைத்துத் தைத்துப் பின் கிழித்தெடுத்தால் சரியாகும். ஹந்தானையின் பனியும் ஈரமும் ஊசியையும் பொபினையும் துருவேற்றும். உறையும் எண்ணெயும் அவசியம். மின்சாரத்தை நம்பியிருப்பது குறைதான். 2022இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு வந்தபோது மிதிமெஷின்களே ஓடின.

மெஷினின் விலை ஒரு கவுனைவிடப் பல மடங்கு என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால் கவுன் ஓராண்டில் சிறுத்துவிடும். 14 வயது நிரம்பியவர்கள் வேடமணிந்து வர டிஸ்னி பூங்காக்கள் பொதுவாக விடுவதுமில்லை. வீட்டில் தைத்ததில் மடிப்பு விட்டுவைத்து அடுத்த ஆண்டு பிரிக்கலாம், பாடசாலை வினோத உடைப் போட்டிக்கு மாற்றியமைக்கலாம். எனக்கு இவற்றைவிட முக்கியமானது பருத்தி உள்துணி. தீபாவளி மத்தாப்புப் பொறி பட்டால் நைலோன் உருகித் தோலில் ஒட்டும். அந்தத் தடுப்பை நாமே வைத்துத் தைக்கலாம். பூங்காவிலேயே வாங்கும் குதூகலம் தையலில் வராது என்பார்கள். உண்மை. அதற்குச் சிறு பட்டியோ மந்திரக்கோலோ போதும்.

ஒரு பிள்ளை, ஒரே பயணம் என்றால் மெஷின் வேண்டாம். அயலிலுள்ள தையல்காரரிடம் கொடுங்கள். இரண்டு பிள்ளைகளும் ஆண்டுதோறும் கலைவிழாவும் உள்ள வீட்டுக்கு ஸிக்ஸாக் மெஷினை வாங்கச் சொல்வேன்.