பிள்ளை வளர்ந்த வருஷத்துத் தையலை எப்படி ரசிப்பது

குழந்தைக்கு ஒரு வயது நிறையும்போது, அந்த வருஷம் முழுக்கத் தாய் தைத்த துணிமணிகளை ஒன்றுவிடாமல் எடுத்துக் கட்டிலில் பரப்பிப் பாருங்கள். ஜப்லா, தொப்பி, பாவாடை சட்டை, தனக்கென்று தைத்துக்கொண்ட நைட்டி, குர்தா எல்லாம் சேர்த்துத்தான். பிறந்தநாள் விருந்துக்கு வருகிறவர்கள் ஒன்றைக் கையில் எடுத்து, "கடையில வாங்கின மாதிரியே இருக்கே" என்பார்கள். மனசாரச் சொல்லும் பாராட்டுதான் அது. ஆனால் கடைத்துணியை அளவுகோலாக வைத்துக்கொண்டால், இங்கே பார்க்க வேண்டியதில் பாதி கண்ணில் படாமலே போய்விடும். கைக்குழந்தையோடு தைக்கிறவளுக்கு நேரத்துக்குத்தான் பஞ்சம். கிடைத்த கொஞ்ச நேரத்தை எதற்குக் கொடுத்தாள், எதை வேண்டாமென்று விட்டாள் என்று பார்க்கத் தெரிந்தால் போதும், ரசனை தானாக வரும்.

முதல் வேலை, உள்பக்கத்தை வெளியே திருப்புவது. சிங்கப்பூர் அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்கு இது பழகின காட்சிதான். சாயம் வெளுக்காமலிருக்க மூங்கில் கழியில் துணியைத் திருப்பித்தானே மாட்டுகிறோம். கடைகளில் கிடைக்கும் குழந்தைச் சட்டைகளில் பெரும்பாலும் உள்ளோரம் ஓவர்லாக் அடித்திருக்கும். வேகமான வேலை, உறுதியும் உண்டு. ஆனால் அந்த நூல் மேடு அக்குளிலும் இடுப்பிலும் பிஞ்சுத் தோலை உரசும். வீட்டில் தைத்த ஜப்லாவில் பிரெஞ்சு தையல் இருக்கிறதா பாருங்கள். நல்ல பக்கம் வெளியே தெரியும்படி இரண்டு துண்டையும் சேர்த்து ஒரு தையல் போட்டு, ஓரத்தை ஒட்ட நறுக்கி, பிறகு உள்ளே திருப்பி இன்னொரு தையல். பிசிறெல்லாம் நடுவில் அடைபட்டுவிடும். ஒரே ஓரத்தை இரண்டு தடவை தைக்க வேண்டும் என்பதால் நேரம் இரட்டிப்பு. யார் கண்ணிலும் படாத இடத்துக்கு அந்த நேரத்தைக் கொடுத்திருக்கிறாள் என்றால், அதை விரலால் தடவிப் பார்க்காமல் கீழே வைக்காதீர்கள்.

அடுத்தது கழுத்து. பிறந்த குழந்தையின் தலை, உடல் நீளத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு. அதன் சுற்றளவு சுமார் 35 செ.மீ.; ஒரு வயதில் 46 செ.மீ.யைத் தொடும். பெரியவர்கள் சட்டையைச் சிறிதாக வெட்டினால் குழந்தைச் சட்டை ஆகாது என்பதற்கு இதுதான் காரணம். ஜப்லாவை முதுகுப்பக்கம் முழுக்கத் திறந்து வைத்தால் தலை வழியாக இழுக்காமல் கை வழியாகப் போட்டுவிடலாம்; நம் பாட்டிமார் கணக்கு அது. கழுத்தோரத்தில் கிராஸ் பீஸ் வைத்திருக்கிறாளா என்றும் பாருங்கள். பாவுக்கும் ஊடைக்கும் சாய்வாக வெட்டிய பட்டை வளைவுக்கு இணங்கிப் படியும். நேராக வெட்டிய பட்டை சுருக்கம் விழுந்து நிற்கும்.

நான் வெகுநேரம் பார்ப்பது, ஒரே துணியில் இருக்கும் இரண்டு வகைத் தையலை. பகலில், குழந்தை பாட்டி மடியில் விளையாடும்போது மெஷின் ஓடும். ராத்திரியில் ஓட்ட முடியாது. குழந்தை எழுந்துவிடும், கீழ்வீட்டுக்கும் தடதடவென்று கேட்கும். அதனால் பக்கத் தையல்கள் மெஷினில், அடிமடிப்பும் கொக்கியும் கையில். அந்த ஹெம்மிங்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு சாண் தூரம் நெருக்கமாக, சீராகப் போகும். திடீரென்று ஒரு முடிச்சு. அங்கிருந்து கொஞ்சம் நீளமான தையல்கள், சில சமயம் நூலின் சாயலே மாறியிருக்கும். அந்த முடிச்சில் குழந்தை அழுதிருக்கும். மறுபடி ஊசியை எடுத்தது அன்றைக்கேவா, மறுவாரமா என்பது அவளுக்குத்தான் தெரியும். இதைப் பிரித்து ஒரே சீராகத் தைத்துவிடச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்குச் சம்மதமில்லை. பிடிப்பு உறுதியாக இருக்கிறதென்றால் அப்படியே இருக்கட்டும்.

நெருக்கடியில் தைத்ததை எப்படிப் பார்ப்பது என்பதற்குச் சிங்கப்பூரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1942இல் ஜப்பானியர் சாங்கி சிறையில் அடைத்து வைத்த பெண்கள், எத்தல் மல்வனி என்ற கனடியப் பெண்ணின் முயற்சியில் ஒட்டுப் போர்வைகள் தைத்தார்கள். ஆளுக்கொரு சின்ன வெள்ளைச் சதுரம்; தன்னைப் பற்றி ஏதாவது ஒன்றையும் தன் பெயரையும் அதில் தைக்க வேண்டும். ஒரு போர்வைக்கு 66 சதுரங்கள். காயம்பட்டவர்களுக்கான போர்வை என்ற பேரில், தனியே அடைபட்டிருந்த ஆண்களுக்கு 'உயிரோடு இருக்கிறோம்' என்ற சேதி போனது. இரண்டு போர்வைகள் இன்று கான்பராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. அந்தத் துயரத்தோடு நம் வீட்டுத் தையலை ஒப்பிடவே கூடாது. ஆனால் அந்தச் சதுரங்களின் முன் நிற்கிற யாரும் தையல் நேராக இருக்கிறதா என்று தேட மாட்டார்கள். தைத்தவள் யார், அன்றைக்கு அவள் கையில் என்ன இருந்தது என்றுதான் தேடுவார்கள். அப்படிப் பார்க்கப் பழக வேண்டும்.

இனி துணி. இந்த ஊரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். பகல் வெப்பம் 31, 32 டிகிரி. பாலியெஸ்டர் பாவாடை படம் பிடிக்க அழகாக இருக்கும், குழந்தைக்கு வேர்க்குருவைக் கொடுக்கும். மல் துணி மெலிசு, காற்றுப் போகும், மழைநாளிலும் சீக்கிரம் காயும். அதைவிட நல்லது பலமுறை துவைத்துப் பதமான பருத்திப் புடவை. பிறந்த குழந்தைக்கு முதலில் பழந்துணி போடுவது நம் வீட்டு வழக்கம். வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கி ஓட்டத் தையல் போட்டுக் குழந்தைக்குக் காந்தா தைக்கிறார்கள். சீனர்களிடம், பல வீடுகளில் துண்டுத் துணி கேட்டு வாங்கி இணைத்து நூறு வீட்டுப் போர்வை தைக்கும் பழக்கம் உண்டு. மலாய் வீடுகளில் சாரோங்கை ஸ்பிரிங்கில் தொங்கவிட்டால் தொட்டில். நம் தூளிக்கு அது சொந்தம்தான். ஆகவே ஜப்லாவைக் கையில் எடுத்ததும், இது யாருடைய புடவை என்று கேளுங்கள். ஆச்சியின் சுங்குடி என்று பதில் வந்தால், புள்ளிகள் மார்புக்கு நேராக விழும்படி வெட்டியிருக்கிறாளா, கரையைப் பாவாடையின் அடியில் பயன்படுத்தியிருக்கிறாளா என்று பாருங்கள். பழைய புடவையில் நைந்த இடத்தைத் தவிர்த்துவிட்டு வெட்டுவது சுலபமில்லை.

பாவாடை என்றால் டக்கு, அதாவது மடித்துத் தைத்த மடிப்பு. குழந்தை முதல் வருஷத்தில் சுமார் 25 செ.மீ. நீளுகிறது, எடை பிறந்ததைப்போல் மூன்று பங்காகிறது. நாலைந்து மாதத்துப் பிள்ளைக்குத் தைத்த பாவாடை ஒரு வயதில் குட்டையாகிவிடும். விவரம் தெரிந்தவள் அடியில் இரண்டு மூன்று டக்கு பிடித்து வைப்பாள், வளர வளர ஒவ்வொன்றாகப் பிரிக்க. பிரித்த இடத்தில் வெளுக்காத பட்டை ஒன்று அடர்ந்த நிறத்தில் தெரியும், ஊசித் துளைகளும் வரிசையாக இருக்கும். சிலர் அதை மறைக்க லேஸ் வைத்துத் தைக்கிறார்கள். என்னைக் கேட்டால் வேண்டாம். பிள்ளை எவ்வளவு வளர்ந்தாள் என்று அந்தப் பட்டை சொல்கிறது.

தாய் தனக்குத் தைத்துக்கொண்டதை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. பால் கொடுக்க வசதியாக முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி, மாதத்துக்கு மாதம் மாறுகிற இடுப்புக்கு ஏற்ப நாடா கோத்த பாவாடை. இங்கே அழகைத் தேடாதீர்கள். ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு மறு கையால் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். இங்கிலாந்தின் ஸோயி எட்வர்ட்ஸ் 2010இல் தொடங்கிய 'மீ மேட் மே' என்ற வழக்கம் இதற்கு உதவும்: மே மாதத்தில், தானே தைத்த உடைகளை முடிந்த மட்டும் உடுத்தி, எது பீரோவிலேயே கிடக்கிறது என்று கவனிப்பது. அந்தக் கணக்கில் பார்த்தால், வெளுத்துப்போய், தோளில் பால்கறை போகாத நைட்டிதான் அந்த வருஷத்தின் சிறந்த தையல்.

விட்டுக்கொடுக்கக் கூடாதவையும் உண்டு. தளர்ந்த பட்டன் வாய்க்குள் போகும். கழுத்தில் நீள நாடா ஆபத்து. எவ்வளவு ஆசையாகத் தைத்திருந்தாலும் உடனே சொல்லிவிட வேண்டும்.

கண்ணைப் பழக்க, தேக்கா மார்க்கெட்டில் கீழே காய்கறியும் மீனும் வாங்கிவிட்டு மாடிக்கு ஏறுங்கள். புடவைக் கடைகளுக்கு நடுவே தையல்காரர்கள் இருக்கிறார்கள். வேலை குறைவான நேரமாகப் பார்த்துப் போய், "அண்ணே, இந்தச் சின்னப் பாவாடைய கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க" என்று கேளுங்கள். அங்கிருந்து அரபு ஸ்ட்ரீட்டுக்குப் போய்ப் பாத்திக் துணியைப் புரட்டிப் பாருங்கள். மெழுகு வைத்துக் கையால் வரைந்ததென்றால் பூ இரண்டு பக்கமும் தெளிவாக இருக்கும், அச்சடித்ததில் பின்பக்கம் மங்கும். பிறகு வீட்டுக்கு வந்து, தைத்தவளிடம் 'அழகா இருக்கு' என்பதோடு நிறுத்தாமல், எந்த ஓரம், எந்தக் கழுத்து, எந்த டக்கு பிடித்தது என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள்.