தொப்புள்கொடியும் ஒப்பந்தமும்

தமிழக மேடைகளில் ஈழம் பற்றிய பேச்சில் தவறாமல் வந்துவிடும் சொல் ‘தொப்புள்கொடி உறவு’. பேசுபவர் பெரும்பாலும் ஆண். பிரசவ அறைக்கு வெளியே நின்றவர்களின் வாயில் இந்தச் சொல் எப்படி இவ்வளவு சரளமாகப் புழங்குகிறது? தொப்புள்கொடி என்றால் அதன் ஒரு முனையில் ஒரு பெண் இருந்தாக வேண்டும். மேடைப் பேச்சில் அவள் இருப்பதில்லை. கொடி மட்டும் பாக் நீரிணைக்குக் குறுக்கே கிடக்கிறது, இக்கரை ஆண்களையும் அக்கரை ஆண்களையும் இணைத்தபடி.

தில்லியும் கொழும்பும் பேசும் மொழி வேறு: ‘நட்பு நாடு’, ‘பாரம்பரிய உறவு’, ‘ஒத்துழைப்பு’. மேடை மொழியும் அரசு மொழியும் பரம எதிரிகள் போலத் தெரியும். 2012 ஜூலையில் இரண்டும் நம் தாம்பரத்திலேயே மோதிக்கொண்டன. அந்த மோதலை நெருங்கிப் பார்த்தால் அவற்றின் இலக்கணம் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தாம்பரம் விமானப்படைத் தளத்தில் இலங்கை விமானப்படையினர் ஒன்பது பேர் பயிற்சி பெற்று வந்த செய்தி அந்த மாதம் வெளியே வந்தது. கட்சிகள் கொதித்தன. முதல்வர் ஜெயலலிதா அவர்களை உடனே திருப்பி அனுப்பச் சொன்னார். மத்திய அரசு அவர்களைப் பெங்களூரு எலகங்கா தளத்துக்கு மாற்றியது. இடமாற்றம் போதாது, நாட்டைவிட்டே அனுப்ப வேண்டும் என்றார் முதல்வர். இலங்கை நட்பு நாடு, பயிற்சி தொடரும் என்றார் பாதுகாப்புத் துறை இணையமைச்சர் பள்ளம் ராஜு. செப்டம்பரில் கோபம் வேறு இடத்தில் இறங்கியது. பூண்டி மாதா கோயிலுக்கும் வேளாங்கண்ணிக்கும் வந்திருந்த இலங்கை யாத்ரீகர்களின் பேருந்துகள் திருச்சி அருகே தாக்கப்பட்டன. பெண்களும் குழந்தைகளும் அந்தப் பேருந்துகளில் இருந்தார்கள்.

கேம்ப் ரோட்டிலும் சேலையூரிலும் மாடம்பாக்கத்திலும் குடியிருக்கும் நமக்குப் பயிற்சி விமானத்தின் இரைச்சல் குக்கர் விசிலைப் போலப் பழகிவிட்ட ஒன்று. அந்தச் சுற்றுச்சுவருக்குள் யார் யாருக்கு எதைக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று அதுவரை பெரிதாக யாரும் கேட்டதில்லை. கேள்வி எழுந்தபோதும் அது பயிற்சியைப் பற்றியதாக இருந்ததைவிட மண்ணைப் பற்றியதாகவே இருந்தது. ‘தமிழ் மண்ணில் சிங்களச் சிப்பாயா?’ மண் தீட்டுப்பட்டுவிட்டது என்ற பதற்றம் அது. பெண்ணுடலைக் காவல் காக்கும் அதே கற்பு மொழிதான் இங்கே நிலத்தின் மேல் போர்த்தப்பட்டது. அறிக்கை விட்டவர் ஒரு பெண் முதல்வர், அதுவும் ‘அம்மா’ என்று அழைக்கப்பட்டவர் என்பதால் அந்த இலக்கணத்தில் எழுத்து ஒன்றுகூட மாறிவிடவில்லை. தீட்டு மொழிக்குத் தில்லி தந்த பதிலும் தீட்டு மொழியிலேயே இருந்தது: ஆட்களை மாநில எல்லைக்கு அப்பால் தள்ளிவைத்தது. பயிற்சிக்கு ஒரு குறையும் நேரவில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தாம்பரத்தில் நடந்தது யாரோ அதிகாரியின் திடீர் முடிவு அல்ல. அதன் வேர் 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனவும் கையெழுத்திட்ட ஆவணங்களில் இருக்கிறது. ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் அதனுடன் பரிமாறிக்கொள்ளப்பட்ட கடிதங்களைப் படிப்பதில்லை. இலங்கைப் பாதுகாப்புப் படைகளுக்கு இந்தியா பயிற்சி வசதியும் இராணுவத் தளவாடங்களும் வழங்கும் என்று அந்தக் கடிதத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. திருகோணமலைத் துறைமுகம், எண்ணெய்க் குதங்கள், அயல்நாட்டு வானொலி நிலையங்கள் எல்லாம் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கின்றன. ஒப்பந்தத்தில் நான்கு இனக்குழுக்களின் பெயர்கள் உண்டு. ஆயுதம் ஒப்படைக்க 72 மணி நேரக் கெடு உண்டு. தமிழ்நாட்டில் தங்கியிருந்த அகதிகளைத் திருப்பி அனுப்புவதைப் பற்றியும் ஒரு பிரிவு உண்டு. பெண் என்ற சொல் எங்கும் இல்லை. கணவனை இழந்தவள், காணாமல் போனவனைத் தேடுகிறவள், முகாமில் பிள்ளை பெற்றவள் என எவரும் அந்தப் பக்கங்களுக்குள் வரவில்லை. துறைமுகத்துக்குக் கிடைத்த இடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

அந்த ஒப்பந்தத்தின்படி போன இந்திய அமைதிப் படை என்ன செய்தது என்பதைப் பெண்களே பதிவு செய்திருக்கிறார்கள். யாழ் மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் கற்பித்த ராஜினி திராணகம, சக ஆசிரியர்களோடு எழுதிய ‘முறிந்த பனை’யில் இந்தியப் படையினரின் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களின் அனுபவங்களைத் தொகுத்தார். அதே நூல் இயக்கங்களின் வன்முறையையும் விட்டுவைக்கவில்லை. 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். புலிகளே பொறுப்பு என்றார்கள் அவருடன் பணியாற்றியவர்கள். நம் மேடைகளில் ராஜினியின் பெயர் ஒலிப்பது அரிது. அங்கே ஏறிய பெயர் பூபதி அம்மாளுடையது. பத்துப் பிள்ளைகளைப் பெற்ற அவர் போர்நிறுத்தமும் பேச்சுவார்த்தையும் கேட்டு மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயில் முன்றலில் 1988 மார்ச் 19 அன்று உண்ணாவிரதம் தொடங்கி, ஏப்ரல் 19 அன்று இறந்தார். பூபதி அம்மாளைத் ‘தாய்’ ஆக்க முடிந்தது, அதனால் அவர் படமானார். எல்லாத் துப்பாக்கிகளையும் கேள்வி கேட்ட ராஜினியை எதுவாகவும் ஆக்க முடியவில்லை.

1990 மார்ச்சில் கடைசிப் படையினர் திரும்பியபோது முதல்வர் கருணாநிதி சென்னைத் துறைமுகத்துக்கு வரவேற்கப் போகவில்லை. தமிழகம் அதை இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. அவர் போகாததில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தப் படையின் கையில் சிக்கிய பெண்களுக்கு நீதி வேண்டும் என்று இந்திய அரசை நெருக்கும் இயக்கம் ஒன்று இங்கே வளரவில்லை. வரவேற்பை மறுப்பது எளிது. விசாரணை கேட்பதென்றால் நம் அரசின் மீதே கை நீட்ட வேண்டும்.

இனி, இலங்கை விமானப்படையை நேருக்கு நேர் எதிர்கொண்ட பெண்களிடம் வருகிறேன். முல்லைத்தீவு மாவட்டம் கேப்பாப்புலவில் பிலக்குடியிருப்பு என்ற சிற்றூரின் காணிகள் போருக்குப் பின் விமானப்படை வசம் இருந்தன. 2017 ஜனவரி 31 அன்று அவ்வூர்ப் பெண்கள் முகாம் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். பிள்ளைகளும் உடன் இருந்தார்கள். சமையல், படிப்பு, தூக்கம் எல்லாம் தெருவோரக் கொட்டகையில். வெயிலும் பனியும் பாராமல் ஒரு மாதம் இருந்தார்கள். மார்ச் 1 அன்று ஏறத்தாழ 40 ஏக்கர் திரும்பக் கிடைத்தது. அதே பிப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் உட்கார்ந்தார்கள். போர் முடிவில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களின் பட்டியலைக் கேட்டார்கள். பதில் வராமலே அவர்களில் பலர் இறந்துவிட்டார்கள்.

இந்தப் பெண்கள் மண் என்று சொல்லும்போது அது கிணறு, மாமரம், கடலுக்குப் போகிற பாதை. காணி உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். தாய்மையைத்தான் அவர்களும் முன்வைக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் வாயில் ‘அம்மா’ என்பது ஒரு வழக்காளியின் தகுதி. என் பிள்ளையை இன்ன நாளில், இன்ன இடத்தில், உன் கையில் ஒப்படைத்தேன், கணக்குச் சொல் என்கிறாள் அவள். தொப்புள்கொடியைப் பற்றிப் பேச உரிமை உள்ளவள் அந்தச் சொல்லையே பயன்படுத்தவில்லை. ஒன்பது பேர் எலகங்காவில் இருந்தாலென்ன, தாம்பரத்தில் இருந்தாலென்ன, அவளுடைய பட்டியலில் ஒரு பெயர்கூடக் கூடப்போவதில்லை.

2025 ஏப்ரல் 5 அன்று கொழும்பில் மோடியும் அநுர குமார திசாநாயக்கவும் முன்னிலையில் இருக்க, பாதுகாப்பு ஒத்துழைப்புக்கான புரிந்துணர்வு உடன்பாடு கையெழுத்தானது. 1987 ஒப்பந்தத்தை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஜே.வி.பி.யின் தலைவர்தான் இன்று அந்த நாட்டின் ஜனாதிபதி. பகையாளிகள் கைகுலுக்கிக்கொள்ள முப்பத்தெட்டு ஆண்டுகள் போதுமாக இருந்திருக்கின்றன. உடன்பாட்டின் வாசகம் அன்று மக்கள் முன் வைக்கப்படவில்லை. 1987 கடிதங்களையாவது நாம் வரிவரியாகப் படிக்க முடிகிறது. இதைப் படிக்கக் கிடைக்கும் நாளில், பயிற்சி பெறப்போகும் படையினர் எந்தத் தளத்துக்கு வருவார்கள் என்பதை மட்டும் நாம் தேடினால் 2012-ஐத்தான் மறுபடி நடத்திக்கொண்டிருப்போம். பிலக்குடியிருப்பின் பெண்கள் அதில் தேடக்கூடியது வேறு. அவர்கள் ஊரை அடுத்த கேப்பாப்புலவுக் காணிகள் அப்போதும் தரைப்படையின் கையில் இருந்தன. விமானப்படை நிலத்தை விட்ட அதே மார்ச் 1 அன்று, அவற்றை மீட்க அடுத்த வாசலில் பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.