பூட்டும் தள்ளுபடியும்

ஒரு படைப்பின் விலை குறைந்தால் அதன் மதிப்பும் குறைந்துவிட்டதாக நினைப்பதும், விலை இறங்காமல் நின்றால் அதில் ஏதோ சாசுவதமான சரக்கு இருப்பதாக நினைப்பதும் நம்மிடையே ஊறிப்போன பழக்கம். விமர்சனம் செய்யவேண்டிய வேலையை விலைச்சீட்டிடம் ஒப்படைத்துவிடுகிற பழக்கம் இது. இதைப் பற்றி யோசிக்க நான் எடுத்துக்கொள்ளும் விஷயம் வீடியோ கேம். நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சிறுபத்திரிகைகள் சினிமாவைப் பற்றி எழுத ஆரம்பித்தபோதும் இதே முகச்சுளிப்பு இருந்தது. வீடியோ கேம் கலையா என்ற சர்ச்சைக்குள் நான் போகப் போவதில்லை. படைப்புக்கும் விலைக்கும் இடையே உள்ள உறவு, அதைச் சொந்தமாக வைத்திருப்பவனின் நோக்கம், இரண்டும் இவ்வளவு வெட்டவெளிச்சமாகத் தெரிகிற இடம் வேறு எதையும் நான் பார்க்கவில்லை. அதுதான் காரணம்.

கன்ஸோல் என்பது டெலிவிஷனோடு இணைத்து விளையாடுகிற பெட்டி. இன்று இந்த வியாபாரம் பெரும்பாலும் ஸோனி, நின்டெண்டோ, மைக்ரோஸாஃப்ட் என்ற மூன்று கம்பெனிகளின் கையில் இருக்கிறது. பெட்டியைச் செய்கிற கம்பெனியே சில கேம்களையும் செய்கிறது, அல்லது செய்விக்கிறது. தன் பெட்டியில் மட்டும்தான் அவை ஓடும். இவற்றை எக்ஸ்க்ளூஸிவ் என்கிறார்கள். மாரியோ வேண்டுமா, நின்டெண்டோ பெட்டியை வாங்கு என்பதுதான் சூத்திரம். பெட்டியில் லாபம் சொற்பமாக இருந்தாலும், சில சமயம் நஷ்டமே வந்தாலும், பின்னால் வரிசையாக விற்கப்போகும் கேம்களில் எடுத்துக்கொள்ளலாம். ஆக, இந்தத் தனி ஆட்டம் ஒரே சமயத்தில் இரண்டு வேலை செய்கிறது. அது ஒரு படைப்பு. அதுவே தூண்டிலில் கோத்த இரையும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், பழைய ஆட்டங்களின் தள்ளுபடி புரிந்துவிடுகிறது. ஸோனி 1997இல் அமெரிக்காவில் ‘க்ரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ என்று ஒரு மலிவு வரிசை தொடங்கியது. ஐரோப்பாவில் அதற்கு ‘ப்ளாட்டினம்’ என்று பெயர். ஒரு கேம் வெளிவந்து குறிப்பிட்ட காலம் ஆகியிருக்கவேண்டும், குறிப்பிட்ட எண்ணிக்கையில் விற்றிருக்கவேண்டும். அப்போதுதான் அதை மலிவு அட்டையில் போடுவார்கள். நன்றாக விற்றதற்குப் பரிசு, விலைக்குறைப்பு! முழு விலை கொடுக்கத் தயாராக இருந்தவர்கள் எல்லாரும் வாங்கி முடித்தாயிற்று. இனி இந்த ஆட்டத்தின் வேலை, பெட்டி வாங்கத் தயங்கி நிற்கிறவனை உள்ளே இழுப்பது. ‘காட் ஆஃப் வார்’ 2018 ஏப்ரலில் 60 டாலருக்கு வந்தது. அடுத்த ஆண்டே அதே கம்பெனியின் மலிவு வரிசையில் 20 டாலர் ஆயிற்று. ஒன்றரை வருடத்தில் அந்த ஆட்டத்துக்குள் எதுவும் பழசாகிவிடவில்லை.

இன்னொரு உதாரணம் இதைவிடத் தெளிவானது. ‘ஹொரைஸன் ஸீரோ டான்’ 2017இல் வந்தது. 2021 வசந்தத்தில் அதை ஸோனி சில வாரங்களுக்கு இலவசமாகவே கொடுத்தது. அடுத்த பிப்ரவரியில் அதன் இரண்டாம் பாகம் முழு விலையில் வந்தது. 2024இல் முதல் பாகத்தையே துலக்கிப் புதுப்பதிப்பாகக் கொண்டுவர முடிவு செய்தபோது, அது வருவதற்குச் சற்று முன், பழைய பதிப்பின் விலை 20 டாலரிலிருந்து 40 டாலராக ஏறிற்று. பழையதை மலிவாக வாங்கி, சொற்பக் காசில் புதியதற்கு மாறிவிடும் சந்து அடைபட்டது. ஆட்டம் ஒன்றுதான். ஒரு சமயம் இனாம், ஒரு சமயம் இருபது, ஒரு சமயம் நாற்பது. இந்த எண்களில் எதுவும் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. கம்பெனிக்கு அடுத்து என்ன விற்கவேண்டியிருக்கிறது என்பதைத்தான் பேசுகின்றன.

நின்டெண்டோ வேறு மாதிரி. அவர்களிடமும் முன்பு மலிவு வரிசைகள் இருந்தன. ‘நின்டெண்டோ செலக்ட்ஸ்’ 2011இல் வந்தது. ஆனால் 2017இல் வந்த ஸ்விட்ச் பெட்டிக்கு அப்படி ஒரு வரிசையை அவர்கள் ஏற்படுத்தவேயில்லை. அந்தப் பெட்டியோடு வந்த ‘ப்ரெத் ஆஃப் தி வைல்ட்’ வருடக்கணக்காக 60 டாலரிலேயே நின்றது. எப்போதாவது சில நாள் தள்ளுபடி, பிறகு பழையபடி. 2025இல் ஸ்விட்ச் 2 வந்தபோது அதற்கென மெருகேற்றிய பதிப்புக்கு 70 டாலர். எட்டு வயதான ஆட்டத்துக்கு விலை ஏறியிருக்கிறது. ‘பார், படைப்பை மதிக்கத் தெரிந்தவர்கள்’ என்று இதைக் கொண்டாடுகிற ரசிகர்கள் உண்டு. எனக்கு அப்படிக் கொண்டாடத் தோன்றவில்லை. இதே நின்டெண்டோ 2020 செப்டம்பரில் மூன்று பழைய மாரியோ ஆட்டங்களை ஒரே தொகுப்பாகப் போட்டு, 2021 மார்ச் 31க்குப் பிறகு விற்கமாட்டோம் என்று சொல்லி, சொன்னபடியே நிறுத்தியது. 2023 மார்ச்சில் தன் இரண்டு பழைய பெட்டிகளுக்கான இணையக் கடையை மூடியது. அங்கே மட்டும் கிடைத்த ஆட்டங்களைப் புதிதாக யாரும் வாங்க முடியாமல் போயிற்று. விலையை இறக்காதவன் படைப்பை மதிக்கிறான் என்றால், அதை அலமாரியிலிருந்தே எடுத்துவிடுகிறவன் என்ன செய்கிறான்?

மைக்ரோஸாஃப்ட் மூன்றாவது வழி கண்டது. 2017இல் மாதச் சந்தா. 2018இலிருந்து தன் சொந்த ஆட்டங்களை வெளிவரும் நாளிலேயே சந்தாதாரருக்குத் திறந்துவிட்டது. ஆட்டத்துக்கென்று தனி விலையே மறைந்து, வாசலுக்கு மட்டும் கட்டணம். தாராளம்போலத்தான் தெரிகிறது. சந்தா நின்றால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

எனக்குத் தோன்றுவது இதுதான். குறைப்பது, குறைக்காமல் இருப்பது, வாடகைக்கு விடுவது என்று மூன்று வழிகளாகத் தெரிந்தாலும் மூன்றும் ஒரே அதிகாரத்தின் முகங்கள். சாவி ஒருவனிடம் இருக்கிறது. தள்ளுபடி அவன் கதவைக் கொஞ்சம் திறந்து காட்டுவது. பூட்டைக் கழற்றுவது ஆகாது. ஆகவே பழைய படைப்பின் விலை நியாயமா என்று கேட்பதற்கு முன், அந்த விலையைச் சொல்கிற அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்கவேண்டும்.

இந்தப் பூட்டு வேலை கன்ஸோல்காரர்களின் கண்டுபிடிப்பு என்று யாரும் நினைக்கவேண்டாம். கிராமபோன் காலத்திலேயே எடிசன் செய்து பார்த்தது இது. 1912இல் அவர் வெளியிட்ட வைர ஊசித் தட்டுகளில் ஊசி மேலும் கீழுமாக ஓடும். மற்றப் பெரும்பாலான கம்பெனித் தட்டுகளில் பக்கவாட்டில் ஓடும். எடிசன் தட்டு மற்றவர் பெட்டியில் பாடாது. 1929இல் அவர் கம்பெனி அந்தத் தொழிலையே விட்டது. பக்கவாட்டுத் தட்டு பொது வழக்காகி, எந்தக் கம்பெனித் தட்டும் எந்தப் பெட்டியிலும் பாடிற்று. அந்தத் தட்டுகளை விற்ற கடைகளில் ஒன்று, நான் இருக்கும் இதே காரைக்குடியில் ஆவிச்சி செட்டியாரின் கடை. அவர் மகன் மெய்யப்பன் சென்னைக்குப் போய் 1932இல் சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கி, தட்டு விற்பதிலிருந்து தட்டு தயாரிப்பதற்கும் பிறகு சினிமாவுக்கும் போனார், ஏவி.எம். ஆனார். யுத்தகால நெருக்கடியில் ஸ்டூடியோவை இங்கே தேவகோட்டை ரஸ்தாவுக்குக் கொண்டுவந்து, கொட்டகை போட்டு அவர் எடுத்த ‘நாம் இருவர்’ 1947இல் வெளிவந்தது. அந்தப் படத்தில் பாரதி பாடல்கள் இருந்தன, டி.கே. பட்டம்மாள் பாடினார். படத்தின் வெற்றியில் அந்தப் பாடல்களுக்குப் பெரிய பங்கு.

தட்டு எந்தப் பெட்டியிலும் பாடும். பூட்டு இப்போது பெட்டியிலிருந்து பாட்டுக்கு மாறியிருந்தது. பாரதி 1921இல் இறந்தபின், அச்சிடும் உரிமை அவர் தம்பி சி. விசுவநாதனிடம் இருந்தது. பாடிப் பதியும் உரிமை கைமாறி மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. 1948இல் டி.கே.எஸ். சகோதரர்களின் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாடல் இடம்பெற்றபோது செட்டியார் ஆட்சேபித்தார். விஷயம் கோர்ட்டுவரை போயிற்று. சட்டப்படி அவர் செய்தது சரி. விலை கொடுத்து வாங்கிய உரிமை. ஆனால் அந்தச் சட்டப்படியான சரியில் இருந்த அபத்தம் தமிழ்நாட்டுக்கே உறைத்தது. பாரதியைப் பாட ஒருவர் அனுமதி வேண்டுமா? எழுத்தாளர்களும் நாடகக்காரர்களும் கிளர்ந்தார்கள். 1949இல், ஓமந்தூரார் ஆட்சியில், சென்னை மாகாண அரசு பாரதியின் எழுத்துகளை வாங்கிப் பொதுவாக்க முன்வந்தது. மெய்யப்பச் செட்டியார் தன் உரிமையைப் பணம் எதுவும் பெறாமல் கொடுத்தார். அடுத்த சில ஆண்டுகளில், யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றாயிற்று.

இங்கே யாரும் பாரதிக்குத் தள்ளுபடி கொடுக்கவில்லை. விலை சொல்லும் அதிகாரமே கலைந்தது. அதன் விளைவை இன்னொரு செட்டிநாட்டுக்காரர் காட்டினார். ராயவரத்துக்காரரான வை. கோவிந்தன், 1939இல் ‘சக்தி’ பத்திரிகையைத் தொடங்கியவர், 1957இல் பாரதியார் கவிதைகளை ஒன்றரை ரூபாய்க்குக் கொண்டுவந்தார். அந்த ஒன்றரை ரூபாயையும் மேலே சொன்ன 20 டாலரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். இரண்டும் மலிவு. 20 டாலர் அடுத்த சரக்கை விற்பதற்கான மலிவு. நாளைக்கே நாற்பது ஆகலாம். ஒன்றரை ரூபாயில் காகிதம் இருந்தது, அச்சுக்கூலி இருந்தது, கோவிந்தனின் பிடிவாதம் இருந்தது. பாரதிக்கான பூட்டு மட்டும் இல்லை. அவர் விலையை ஏற்றினால் இன்னொருவர் குறைத்துப் போடலாம். தன் நூல்கள் மண்ணெண்ணெய், தீப்பெட்டி போலச் சகஜமாக விலைபோகவேண்டும் என்று பாரதி தன் கடைசி நாட்களில் ஆசைப்பட்டது, ஏறத்தாழ அப்போதுதான் நடந்தது.

இதற்கு மறுப்பும் உண்டு. அது பலமான மறுப்பு. பொதுவாக்கியதும் எல்லாம் நல்லபடி முடிந்துவிடவில்லை. கவனிக்க ஆளில்லாத சொத்துபோலப் பிழைகள் மலிந்த பதிப்புகளும் குவிந்தன. பாடபேதம் பார்க்காமல், ஒருவர் பிழையை இன்னொருவர் நகல் செய்து, பளபளக்கும் அட்டை போட்டு விற்கிறார்கள். மாறாக, தன் பழைய ஆட்டத்தைப் புதிய பெட்டிக்குக் கொண்டுவரும் கம்பெனி, சொந்த லாபத்துக்காகவே ஆனாலும், அதை ஓடும் நிலையில் வைத்திருக்கிறது. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே திறந்த வெளியில்தான் சீனி. விசுவநாதனின் காலவரிசைப் பதிப்பும் வந்தது. பூட்டு இல்லாத இடத்தில் அசிரத்தைக்கும் இடம் உண்டு, சிரத்தைக்கும் இடம் உண்டு. பூட்டு இருக்கிற இடத்தில் சாவிக்காரனின் சிரத்தைக்கு மட்டுமே இடம். அவன் சிரத்தை தீர்ந்த அன்று படைப்பும் தீர்ந்தது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று வியாபாரத்தில் கிடைப்பதில்லை என்று அங்குள்ள வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் கணக்கெடுத்துச் சொன்னது. தள்ளுபடி கிடைத்த ஆட்டங்கள் பாக்கியசாலிகள். மற்றவற்றுக்கு விலையே இல்லை. பூட்டு மட்டும் இருக்கிறது.

புத்தகத்துக்கு ஒரு தப்பிக்கும் வழி இருந்தது. அது பொருள். பழைய கடைக்குப் போகும், எடைக்குப் போகும், அங்கிருந்து ஒருவர் கைக்கு வரும். காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் ரோஜா முத்தையா அப்படித்தான் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். பதிப்பாளர் மறந்ததையும் வாரிசுகள் எடைக்குப் போட்டதையும், நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் என்று பண்டிதர்கள் தொடாததையும் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்தபின் சிக்காகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அது இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. யாருடைய அனுமதியும் கேட்காமல் ஒரு தனிமனிதர் இதைச் செய்ய முடிந்தது. தட்டில் வந்த கேமையாவது கைமாற்றலாம். அதையும் கட்டுப்படுத்த மைக்ரோஸாஃப்ட் 2013இல் திட்டமிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் சில வாரங்களில் பின்வாங்கியது. இணையக் கடையில் வாங்கிய கேமுக்குக் கைமாற்றே கிடையாது. தட்டுக்கு இடமில்லாத பெட்டிகளும் வந்துவிட்டன. அங்கே பழைய கடை இல்லை, எடைக்கடை இல்லை. ஆகவே கோட்டையூர் முத்தையாவும் இருக்க வழியில்லை.

இவ்வளவையும் கம்பெனிகளைக் குறை சொல்வதற்காக மட்டும் எழுதவில்லை. நம் புதுக்கவிதைத் தொகுதிகளில் எத்தனையோ, முந்நூறோ ஐந்நூறோ பிரதி அச்சாகி, மறுபதிப்பு காணாமல் கிடக்கின்றன. ஆசிரியர் போய்விட்டார், வாரிசுக்கு அக்கறை இல்லை, அல்லது அளவுக்கு மீறிய அக்கறை. பிரதி வைத்திருப்பவர் இரவல் தரமாட்டார். தன்னிடம் மட்டும் இருப்பதில் ஒரு கௌரவம் கண்டுவிட்டார். ஐந்நூறு பேருக்கு மட்டும் எழுதுகிறோம் என்று நாமே பெருமையாகச் சொல்லிக்கொண்டதும் உண்டு. இது லாப நோக்கம் இல்லாத எக்ஸ்க்ளூஸிவ். லாப நோக்கமாவது இருந்தால், என்றைக்காவது ஒரு நாள் தள்ளுபடியில் கிடைக்கும்.