காற்கூறும் காணொளியும்: நன்னூற் பொதுப்பாயிரம் பற்றிய ஒரு நோக்கு

நன்னூலின் பொதுப்பாயிரத்தைத் திண்ணைப்பள்ளிக் காலத்து ஒழுக்கவுரை எனக் கருதி ஒதுக்கும் வழக்கம் இலக்கணம் பயில்வாரிடையே உண்டு. எழுத்ததிகாரமும் சொல்லதிகாரமும் தேர்வுக்கு உரியன. பாயிரமோ முதல் வகுப்பிலேயே விரைந்து கடக்கப்படுவது. யாமும் பல்லாண்டு அவ்வாறே நடத்தி வந்தோம். 2020 மார்ச்சில் கல்விநிலையங்கள் மூடப்பட்டுக் கைப்பேசி வழியே பாடஞ்சொல்ல நேர்ந்த பின்னரே, பவணந்தியார் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வகுத்துக் காட்டிய சில நுட்பங்கள் எமக்கு விளங்கின. இணையவழியும் நேர்வழியும் கலந்த கற்பித்தலுக்கு ஆசிரியரை ஆயத்தம் செய்வோர் அப்பாயிரத்தை ஊன்றி நோக்குதல் வேண்டும் என்பதே ஈண்டு யாம் கூறவந்தது.

எம் மாணவருட் பலர் ஊத்துக்கோட்டையைச் சூழ்ந்த ஊர்களினர். ஆந்திர எல்லையை ஒட்டிய அப்பகுதியில், வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழுமாக வளர்ந்தோர் உளர். பல வீடுகளில் கைப்பேசி ஒன்றே; அதுவும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு ஷிப்டு வேலைக்குச் செல்லும் தந்தையோடு சென்றுவிடும். இதனை அறியாது யாம் முற்பகலில் வகுப்பு நடத்தினோம். வாராதவர் பொருட்டு முக்கால் மணி நேரப் பதிவுகளை வாரந்தோறும் ஐந்தாறாக வாட்ஸ்அப் குழுவில் இட்டோம். காலமும் இடமும் நோக்கி, கேட்போன் கொள்ளும் ஆற்றலறிந்து உரைப்பதே பாடஞ்சொல்லல் என்பது பாயிரத்தின் கருத்து. எம் செயலில் அவற்றுள் ஒன்றும் இல்லை.

ஆசிரியர் ஆகாதோர்க்குப் பவணந்தியார் காட்டும் உவமைகள் நான்கனுள் இரண்டு எமக்கே பொருந்தின. கழற்குடம், இட்ட முறையைப் பேணாது கழற்காய்களை ஒருங்கே கொட்டும், யாமும் கொட்டினோம். மடற்பனை தன்மேல் எவரையும் ஏறவிடாது. தானாக உதிர்த்த பழத்தையே பிறர் கொள்ளலாம். பதிவு செய்த உரையை இடைமறித்து ஐயம் வினவுதல் இயலாது. ஆதலின் அதுவும் மடற்பனையே. 2019 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற கல்வித் தொலைக்காட்சியையும் இவ்வுவமையால் குறைகூறலாமே எனின், யாம் அங்ஙனம் கூறோம். கைப்பேசியே இல்லாத வீட்டிற்கு உதிர்ந்த பழமும் உணவாயிற்று.

இனி, பாடங்கேட்டலின் வரலாற்றை நோக்குவோம். இருமுறை கேட்டவன் பெரிதும் பிழைபடான். மும்முறை கேட்டவன் முறையறிந்து பிறர்க்கு உரைப்பான். எனினும், ஆசான் உரைத்ததை நிரம்பக் கொண்டாலும் புலமையின் காற்கூறே கிட்டும். உடன்பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்கூறு கிட்டும். எஞ்சிய அரைக்கூறு, தான் கற்றதைப் பிறர்க்கு விரித்துரைத்தலால் வருவது. இப்பகுப்பே எம் ஆய்வுக்கு உயிர்நாடி. பலமுறை கேட்டற்குக் காணொளி பெருந்துணை. முன்னாளில் ஆசானிடம் இரந்து பெற வேண்டிய மறுகேள்வி இன்று விரல் நுனியில் உள்ளது. 2018 முதல் தமிழகப் பாடநூல்களில் அச்சிடப்பெற்ற விரைவுக் குறியீடுகளும் இப்பயன் கருதியனவே. ஆயினும் எத்துணைச் சிறந்த காணொளியும் ஆசான் உரையின் பதிவே ஆதலின், முதற் காற்கூற்றைக் கடந்து செல்லாது.

2017 சூலையில் தொடங்கப்பெற்ற சுவயம் தளத்துப் பாடங்கள் காணொளி, படிபொருள், தன்மதிப்பீட்டுத் தேர்வு, கலந்துரையாடற் களம் என நான்கு கூறுடையன. பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் வகுத்த விதி, ஒரு பருவத்துப் பாடங்களுள் 40 விழுக்காடு வரை இவ்வழியே பயில இடந்தந்தது. ஆதலின் இவ்வமைப்பை ஆராய்தல் தமிழ்த் துறையினர்க்கும் கடனாகும். காணொளியும் படிபொருளும் ஆசான் உரையின்பாற்படும். களம் உடன்பயில்வாரின் காற்கூற்றுக்கு உரியது. பெரும்பங்காகிய அரைக்கூற்றுக்கு ஆங்கு வகுத்த இடம் யாது? தேர்வு உண்டு; ஆனால் கற்றது குறித்து வினவப்படுதலும் கற்றதைப் பிறர்க்கு உரைத்தலும் ஒன்றல்ல. அவ்விடத்தை நிரப்புவது ஆசிரியர் கடமையாகவே எஞ்சி நிற்கின்றது.

அதனை நிரப்ப யாம் செய்தது எளியது. உரையைப் பத்து நிமிடமாகச் சுருக்கினோம். கேட்டதை மூன்று நிமிடக் குரற்பதிவாக உரைத்து அனுப்புமாறு மாணவரைப் பணித்தோம். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவி ஒருவர் உடம்படுமெய்யை விளக்குங்கால், ஏகாரத்தின்முன் யகரமே வரும் என்றுவிட்டார். இரவு பத்து மணிக்குமேல், வேலைமுடித்து வந்த தந்தையிடம் கைப்பேசி பெற்ற மற்றொருவர், சேயடி என்பதோடு சேவடி என்பதும் உண்டே என்று வினவினார். மறுநாள் அம்மாணவி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவர்க்கு இருவகை முடிபையும் சொல்லிக்காட்டி, அதனையே புதிய பதிவாக அனுப்பினார். அவ்விரவு யாம் குறுக்கிடவில்லை. திருத்த விரைந்த விரலை அடக்கியது சிறு முயற்சியன்று.

பவணந்தியாரோடு யாம் உடன்படாத இடமும் ஒன்று உண்டு. பாடங்கேட்டற்கு ஆகாதோர் வரிசையில் அவர் பிணியனையும் துயில்வோனையும் வைத்தார். பெருந்தொற்றுக் காலத்தில் பிணியுற்ற மாணவரை எங்ஙனம் விலக்குவது? இரவு ஷிப்டு முடித்துக் காலை வகுப்பில் கண்ணயரும் மாணவர், பயிலும் விருப்பமின்மையால் துயில்வாரல்லர். இவ்விருவர்க்கும் வகுப்பின் கதவைத் திறந்துவைக்கப் பதிவு செய்த பாடம் வல்லது. இங்கே கருவி, நூலாசிரியர் இட்ட விலக்கினைத் தளர்த்துகின்றது. அதனை யாம் வரவேற்கின்றோம்.

ஆசிரியர்க்கு இது குறித்து அளிக்கப்படும் பயிற்சியைப் பற்றிச் சில சொல்லல் வேண்டும். யாம் கலந்துகொண்ட பயிற்சி வகுப்புகள், எப்பொத்தானை அழுத்துவது, திரையை எங்ஙனம் பகிர்வது, வருகையை எங்ஙனம் பதிவது என்பனவற்றையே விரித்தன. அவை அரை நாளில் கற்கத்தக்கவை. ஒரு நூற்பாவைக் கையிற்கொடுத்து, இதனுள் பதிவுக்கு உரியது எது, நேர்வகுப்பின் விவாதத்திற்கு உரியது எது, மாணவர் பிறர்க்கு உரைத்தற்கு உரியது எது எனப் பகுத்துக்காட்டுமாறு ஆசிரியரைக் கேட்ட பயிற்சி ஒன்றனையும் யாம் கண்டிலோம். அவ்வகுப்புகளிலும் ஆசிரியர் கேட்போராகவே அமர்ந்திருந்தனர். கற்றதை உடனாசிரியர்க்கு உரைத்துக்காட்ட ஒருவரும் பணிக்கப்பெறவில்லை.