‘ஹெவி’ என்றால் கனமா?

ஆங்கில வகுப்பில் ‘ஹெவி’ என்று எழுதி, எதிரே ‘கனமான’ என்று எழுதிப்போடுவது நெடுநாள் வழக்கம். ஒரு சொல்லுக்கு ஒரு தமிழ்ப்பொருள். இதைப் பழைய முறை என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. மூட்டை தூக்கிய எவருக்கும் அந்தச் சொல் நொடியில் விளங்கிவிடுகிறது. ‘ஹெவி ரெயின்’ கூட நம் கனமழைதான். 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்தால் இந்திய வானிலை ஆய்வுத் துறை அதற்கு இந்தப் பெயரைத்தான் சூட்டுகிறது. மனம் கனத்துப்போவதும் இரு மொழிக்கும் பொது. லாரி ஓட்டுநர்கள் ‘ஹெவி லைசென்ஸ்’ என்று சொல்லிச் சொல்லி அது நம் பேச்சிலேயே கலந்துவிட்டது.

ஆனால், ‘ஹெவி ஸ்மோக்கர்’ உடல் பருத்தவர் அல்லர், ஓயாமல் புகைப்பவர். ‘ஹெவி ஸ்லீப்பர்’ எவ்வளவு உலுக்கினாலும் எளிதில் எழாதவர். ‘கனமான’ என்று மட்டும் படித்த பிள்ளை இங்கே தடுமாறத்தான் செய்யும்.

வாசிக்கும்போது நேரும் தடுமாற்றத்தையாவது இடம் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். பேசும்போதுதான் இந்த முறை மாணவரைக் கைவிடுகிறது. பலத்த மழை, பலத்த காற்று, பலத்த காயம், பலத்த கைதட்டல் என்று நாம் ஒரே சொல்லை எல்லாவற்றோடும் சேர்க்கிறோம். ஆங்கிலத்தில் மழைக்கு ‘ஹெவி’, காற்றுக்கு ‘ஸ்ட்ராங்’, காயத்துக்கு ‘சீரியஸ்’, கைதட்டலுக்கு ‘லவுட்’. பட்டியலை நம்பியவர் ‘ஸ்ட்ராங் ரெயின்’ என்கிறார். இலக்கணத்தில் குற்றமில்லை, ஆங்கிலம் பேசுவோர் வழக்கில்தான் அது இல்லை. ஏன் என்று கேட்டால் காட்ட விதியும் கிடையாது. எந்தச் சொல்லோடு எது சேரும் என்பதைப் பழகித்தான் அறிய வேண்டும்.

அகராதிக்காரர்கள் இதை எப்போதோ உணர்ந்துவிட்டார்கள். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் உருவாகி 1987-இல் வெளிவந்த கோபில்ட் அகராதி, சொல்லின் பொருளை முழு வாக்கியங்களில் விளக்கியது. சொற்சேர்க்கைகளுக்கென்றே ஆக்ஸ்ஃபோர்டு 2002-இல் தனி அகராதி கொண்டுவந்தது. நம் வகுப்பறைப் பட்டியல்தான் இன்னும் மாறவில்லை.

தமிழ்ப்பொருள் கட்டாயம் வேண்டும்; அதைத் தனிச்சொல்லுக்குச் சொல்லி நிறுத்துவதே பிழை. ஆசிரியர்களே, கரும்பலகையில் இனி ‘ஹெவி’யைத் தனியே விடாதீர்கள். ‘ஹெவி ரெயின் – கனமழை’, ‘ஹெவி ஸ்மோக்கர் – ஓயாமல் புகைப்பவர்’ என்று துணையோடு எழுதிக்கொடுங்கள்.