கண்ணாடிக்கு இப்பால் நிற்போர்

ஞாயிறு மாலைத் திருப்பலி முடிந்து, நம் பேராலயமாம் சம்பாக் கோயிலின் வாயிலைக் கடந்து, மிஷன் வீதி வழியே நேரு வீதியை நோக்கி நடக்கையில், நம் கால்கள் தாமாகவே தயங்கி நிற்கும் இடம் ஒன்றுண்டு. அது ஒரு நகைக் கடையின் கண்ணாடிக் கதவு. உள்ளே மெத்தை இருக்கைகளில் ஒரு குடும்பம் அமர்ந்திருக்கிறது. நீலத் தட்டுகளில் ஆரங்கள் வருகின்றன. அம்மையார் ஒருவர் விரலைச் சற்றே அசைக்கிறார். ஒரு தட்டுப் போகிறது, மற்றொன்று வருகிறது. பையன் ஒருவன் பழச்சாறு கொண்டுவந்து நீட்டுகிறான். இவ்வளவு நேரத்தில் அங்கே எவரும் விலை கேட்டதாகத் தெரியவில்லை. வெளியே பலூன் விற்பவரும், கையில் குழந்தையோடு ஒரு தாயும், நாமும் நின்று பார்க்கிறோம். இரண்டு நிமிடங்கள் கழித்து ஏதோ தவறு செய்துவிட்டவர்களைப் போல அவரவர் வழியே நடக்கிறோம்.

அந்த இரண்டு நிமிடங்களில் நம் உள்ளத்தில் எழுந்தது யாது? வியப்பா, பொறாமையா? பழைய ஞானோபதேசத்தில் தலையான பாவங்கள் ஏழினுள் ஒன்றாய்க் 'காய்மகாரம்' என்று மனப்பாடம் செய்தோமே, அதுதானா? அந்த ஆரத்தை நாம் விரும்பினோம் என்றுகூடச் சொல்வதற்கில்லை. அதை வீட்டில் எங்கே வைப்பது என்பதே நமக்குத் தெரியாது. நம்மை நிறுத்தியது நகையன்று. விலை கேளாமல் வாங்கும் அந்த நிதானமே எனலாம். இக்கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு பழைய பிரெஞ்சு நாவல் ஒன்றை மீண்டும் படித்தோம். அது தந்த வெளிச்சத்தையும், அது தவறவிட்டதாக நமக்குப் படுவதையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எமில் ஜோலா 1883-இல் நூலாக வெளியிட்ட 'ஓ பொனேர் தே தாம்' என்பதே அந்நாவல். 'மாதர் இன்பம்' என்று பொருள்படும் இப்பெயர் கதையில் வரும் ஒரு பெருங்கடையின் பெயர். ஒரு குடும்பத்தின் பல தலைமுறைகளைப் பற்றி ஜோலா எழுதிய இருபது நாவல்களுள் இது பதினொன்றாவது. பாரிசு நகரின் 'பொன் மார்ஷே', 'லூவர்' ஆகிய பெரிய கடைகளுக்கு நேரில் சென்று, அவை இயங்கும் முறைகளைக் குறிப்பெடுத்த பின்னரே அவர் இதை எழுதினார். ஜோலாவின் நூல்கள் யாவும் ஒரு காலத்தில் திருச்சபையின் விலக்கப்பட்ட நூற்பட்டியலில் இருந்தன என்பதை நம்முள் மூத்தோர் அறிவர். அப்பட்டியலே 1966-இல் கைவிடப்பட்டது. இன்று ஒரு கத்தோலிக்கர் இந்நூலைத் திறந்தால், அன்று அஞ்சப்பட்டதைக் காட்டிலும் நம் உள்ளத்தைப் பற்றிய நுண்ணிய ஆராய்ச்சியையே அதில் மிகுதியாகக் காண்பார்.

கதையின் தொடக்கமே நம் மிஷன் வீதிக் காட்சியை நினைவூட்டுகிறது. தெனிஸ் என்னும் இருபது வயதுப் பெண், பெற்றோரை இழந்து, தம்பியர் இருவரோடு மூன்றாம் வகுப்பு வண்டியில் இரவெல்லாம் பயணம் செய்து பாரிசுக்கு வந்து சேர்கிறாள். தந்தையின் உடன்பிறந்தாரான போதூ என்பவரின் துணிக்கடையைத் தேடி நடக்கும் வழியில், அப்பெருங்கடையின் கண்ணாடிகளுக்கு முன் மூவரும் சிலையாய் நின்றுவிடுகின்றனர். பட்டும் சரிகையும் கம்பளியும் அடுக்கிய அழகில் தெனிஸ் தன் பசியையும் களைப்பையும் மறக்கிறாள். எதிர்வரிசையில் இருண்டு கிடக்கும் சிறிய கடையே தன் உறவினருடையது என்பதைப் பிறகுதான் காண்கிறாள். அந்த முதற் பார்வையில் பொறாமையின் நிழல்கூட இல்லை. கடலை முதன்முதல் காணும் குழந்தையின் வியப்பே அது. பின்னர் அவள் அக்கடையிலேயே விற்பனைப் பெண்ணாகச் சேர்கிறாள்.

அந்த வியப்பைப் பணமாக்கும் கலையில் வல்லவன் கடை முதலாளி மூரே. வாங்கினாலும் வாங்காவிட்டாலும் எவரும் உள்ளே வரலாம். ஒவ்வொரு பொருளிலும் மாறாத விலை எழுதிய சீட்டு தொங்கும். பிடிக்காவிடில் திருப்பித் தரலாம். இன்று நமக்கு இவை சாதாரணம். அந்நாளிலோ இவை புரட்சி. அதற்கு முன் கடைக்குள் நுழைவதே வாங்குவதாக வாக்களிப்பது போலாகும். விலையோ வணிகர் ஆளைப் பார்த்துச் சொல்வது. நம் நாட்டிலும் பெருஞ்செல்வர் கடைக்குப் போனதில்லை; வணிகரே மூட்டையோடு அவர் வீட்டுக் கூடத்துக்குச் சென்றார். செல்வர் வாங்குவதை ஏழை காண வழியே இருந்ததில்லை. மூரே கதவைத் திறந்து அனைவரையும் ஒரே கூரையின்கீழ் நிறுத்தினான். இதன் விளைவு என்ன என்பதே நாவலின் உயிர்நாடி என்பது நம் கருத்து.

இதனை விளக்க நாவலை விட்டுச் சற்று விலகிச் செல்ல வேண்டும். பிறருடைய நன்மையைக் கண்டு வருந்துவதே பொறாமை என்று புனித தோமா அக்குவினாஸ் தம் இறையியல் பெருநூலில் வரையறுக்கிறார். அத்துடன், அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, மனிதன் தனக்கு எட்டாத உயரத்தில் இருப்பவரைக் கண்டு பொறாமைப்படுவதில்லை, தன்னை ஒத்தவரைக் கண்டே பொறாமைப்படுகிறான் என்றும் கூறுகிறார். வள்ளுவரும் பிறர் ஆக்கம் கண்டு பொறாமையைப் பற்றி 'அழுக்காறாமை' என ஓர் அதிகாரமும், பிறர் பொருளைக் கவர விரும்புதலைப் பற்றி 'வெஃகாமை' என மற்றோர் அதிகாரமும் அடுத்தடுத்து வைத்தார். விரும்புவது வேறு, வெதும்புவது வேறு. விவிலியத்தில் யோசேப்பின் சகோதரரை எண்ணிப் பாருங்கள். எகிப்து மன்னன் உடுத்த ஆடை அவர்களை வருத்தவில்லை. உடன்பிறந்த தம்பிக்குத் தந்தை அளித்த ஓர் அங்கியே அவர்களைக் கொலைவெறி வரை இட்டுச் சென்றது.

இவ்வுண்மையை ஜோலா எந்த இறையியலையும் துணைக்கு அழைக்காமல் கதையாகவே காட்டிவிடுகிறார். பிரபுக்களின் மனைவியருக்கு நாள் முழுதும் பட்டு விரித்துக் காட்டும் விற்பனைப் பெண்கள் அச்சீமாட்டிகளைக் கண்டு வெதும்புவதில்லை. தங்களுக்குள்ளேதான் ஒருவரையொருவர் கடித்துக் குதறிக்கொள்கின்றனர். அடுத்தவளுக்குக் கிடைக்கும் தரகு, அவள் கூந்தல் முடிப்பு, அவளுக்கு வரும் வாடிக்கையாளர் என்பனவே அவர்களின் நோவு. புதிதாய்ச் சேர்ந்த தெனிஸின் எளிய உடை அவர்களின் ஏளனத்துக்கு இரையாகிறது. அவள் உயர்ந்தபின்போ அதே நாக்குகள் பழி பேசுகின்றன.

வாங்க வருவோர் நிலையும் அதுவே. பள்ளி ஆசிரியர் ஒருவரின் மனைவியான மர்த்தி அம்மையார், தம் தோழியர் வாங்குவதையெல்லாம் தாமும் வாங்கியாக வேண்டும் என்னும் காய்ச்சலில், தனிப்பாடம் சொல்லி ஓடி ஓடிச் சம்பாதிக்கும் கணவரை அழிவுக்குத் தள்ளுகிறார். தெ போவ் சீமாட்டியோ கையில் பணம் இருக்கும்போதே சரிகைப் பின்னல்களைக் கைச்சட்டைக்குள் மறைத்துப் பிடிபடுகிறார். ஆகவே கண்ணாடிக்கு அப்பால் அமர்ந்திருப்போர் நாம் எண்ணுவது போல் நிறைவோடு இருப்பவர் அல்லர். விலைச்சீட்டு எல்லாரையும் ஒரே படியில் நிறுத்துகிறது. 'இன்னும் சற்று இருந்தால் உனக்கும் இது' என்று ஒவ்வொருவர் காதிலும் ஓதுகிறது. எட்டாததாய் இருந்தவரை வியப்பாய் நின்ற ஒன்று, எட்டிவிடும்போலத் தோன்றிய கணத்தில் காய்மகாரமாய் மாறுகிறது.

இதைச் சோதித்துப் பார்க்க நம் புதுவையைவிடச் சிறந்த ஊர் அரிது. பெரிய வாய்க்காலைத் தாண்டிக் கடற்புறத்துப் பழைய பிரெஞ்சு வீதிகளில் நடந்தால், உயர்ந்த கூரையுடைய பழைய வீடுகளில் அழகிய கடைகளைக் காண்கிறோம். பெரிய அறை ஒன்றில் பத்துப் பன்னிரண்டு பொருள்களே இருக்கும். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் ஒரு மண்கலத்தை எடுத்து ஒளியில் திருப்பிப் பார்த்துவிட்டுக் கட்டித் தரச் சொல்கிறார். அங்கே நாம் வியக்கிறோம். இரவில் அதை எண்ணித் தூக்கம் கெடுவதில்லை. அதே ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் துணிகள் மலையாய்க் குவிந்து கிடக்கும். பேரம் பேசும் குரல்களில் காது செவிடுபடும். அங்கே நம் அண்டை வீட்டார் நாம் வாங்கியதைவிட ஐம்பது ரூபாய் குறைவாய் ஒரு சேலையை வாங்கிவிட்டார் என்று தெரிந்தால் போதும், அன்றைய பொழுது கசந்துவிடுகிறது. நம்மை உண்மையில் சுடுவது கடற்புறத்துக் கடையன்று. பக்கத்து வீட்டுக் கைப்பையே என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ஏழையின் மனவருத்தம் யாவற்றையும் பொறாமை என்று பெயரிட்டு வாயடைப்பது எளிது. தெனிஸின் உறவினர் போதூ அப்பெருங்கடையைக் கண்டு பொருமுகிறார். அது பொறாமையன்று. அவர் பிழைப்பு அழிகிறது, மகள் இறக்கிறாள், மனைவியும் இறக்கிறார். நீதி கேட்கும் சினத்தையும் பிறர் நலம் பொறாத நெஞ்சையும் ஒன்றாக்குதல் தவறு. ஜோலா இவ்வேறுபாட்டைக் காத்துள்ளார் என்பது நாவலுக்குப் பெருமை.

ஆயினும் நாவலின் முடிவு நமக்கு உடன்பாடாகவில்லை. எவரைக் கண்டும் பொறாமைப்படாமல், முதலாளியின் பணத்துக்கும் இணங்காமல் நின்ற தெனிஸ், இறுதியில் அம்முதலாளியையே மணக்க இசைகிறாள். கண்ணாடிக்கு வெளியே நின்றவளுக்குக் கடையே பரிசாகிறது. அவள் நற்குணத்துக்கு இதுவே கூலி என்றால், பொறாமையின்மையும் பொருள் சேர்க்கும் ஒரு வழியாகிவிடாதா? காத்திருந்தால் உனக்கும் கிடைக்கும் என்னும் விலைச்சீட்டின் பொய்யையே கதையும் சொல்லி முடிக்கிறது. நம் உள்மன ஆசையை ஆசிரியர் ஆராய்ந்துகொண்டே வந்து, கடைசிப் பக்கத்தில் அதற்குத் தீனி போட்டுவிட்டார்.

இக்குறை இல்லாதது கேத்தரின் மேன்ஸ்ஃபீல்டு 1922-இல் எழுதிய 'ஒரு கோப்பைத் தேநீர்' என்னும் ஆங்கிலச் சிறுகதை. செல்வப் பெண் ரோஸ்மேரி, 28 கினி விலையுள்ள சிறு பேழை ஒன்றைக் கடையில் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வெளியே வருகிறாள். தேநீருக்குக் காசு கேட்கும் ஏழைப் பெண்ணைக் கண்டு, ஏதோ புதுமையான பொருள் வாங்குவது போன்ற கிளர்ச்சியோடு தன் இல்லத்துக்கு அழைத்துச் செல்கிறாள். அப்பெண் அழகாய் இருக்கிறாள் என்று கணவன் ஒரு சொல் சொன்னதும் எல்லாம் மாறுகிறது. ஐந்து பவுன் தாள்களை எடுத்தவள் இரண்டைத் திரும்ப வைத்துவிட்டு, மூன்றைக் கொடுத்து அவளை அனுப்பிவிடுகிறாள். பிறகு கணவனிடம் அந்தப் பேழையைக் கேட்கிறாள். தான் அழகா என்றும் கேட்கிறாள். எல்லாம் உடைய செல்வி ஏதுமற்ற ஏழையைக் கண்டு பொறாமைப்படும் இவ்விடம் நம்மைத் திடுக்கிட வைக்கிறது. இக்கதை எவருக்கும் பரிசு தருவதில்லை. மூன்று பவுனோடு அந்தப் பெண் எங்கே போனாள் என்பதையும் சொல்வதில்லை.

ஜோலாவின் இறுதி அத்தியாயத்தில் ஒரு காட்சி நம்மை விட்டு நீங்க மறுக்கிறது. கடை முழுவதும் வெள்ளைத் துணிகளால் அணிசெய்யப்பட்டு, கோவிலின் பீடம் போல் ஒளிர்கிறது; அன்றைய விற்பனை பத்து இலட்சம் பிராங்கைத் தாண்டுகிறது. வெறுமையாகிவரும் ஆலயங்களின் இடத்தைக் கடை பிடித்துக்கொள்கிறது என்பதே ஜோலாவின் குறிப்பு. இதைப் படித்தபோது நம் பங்குப் பிள்ளைகளின் புதுநன்மை நாள் நினைவுக்கு வந்தது. அன்றும் எல்லாம் வெள்ளை. ஆயினும் பீடத்தை நோக்கி வரிசையாய் வரும் சிறுமியரைக் காண்கையில், எந்த அங்கியில் எத்தனை அடுக்கு, எது எந்தக் கடையில் தைத்தது என்று நம் கண்கள் கணக்கெடுப்பதில்லையா? கடன் வாங்கி அங்கி தைத்த பெற்றோர் நம்முள் இல்லையா? சில பங்குகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரியான எளிய அங்கி என்னும் வழக்கம் உண்டு. அதைச் சிக்கனத்துக்கான ஏற்பாடு என்றே இதுவரை எண்ணியிருந்தோம். இந்நாவலை மூடி வைத்தபின், அது பெற்றோராகிய நம்மை ஒருவரையொருவர் கண்டு வெதும்பாமல் காக்கும் ஏற்பாடு என்றும் தோன்றுகிறது.

நகைக் கடைக் கண்ணாடியின் முன் இனியும் நாம் நிற்கத்தான் செய்வோம். அதில் பெரிய தீங்கு இருப்பதாகத் தெரியவில்லை. நம் கவலையெல்லாம், நம் அருகே நின்று பார்த்த அந்தத் தாயை அடுத்த ஞாயிறு கோயிலில் நாம் எந்தக் கண்ணால் பார்ப்போம் என்பதே.